நடையை எண்ணுவது எதற்காக? முதியோரும் காலடி அளக்கும் கருவிகளும்

(மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அண்மைக் காலமாக நம் மூத்தோர் பலருடைய மணிக்கட்டில் புதியதொரு பட்டியைக் காண்கிறோம். பிறந்தநாளுக்கு மகளோ, பேரனோ வாங்கிக் கொடுத்த காலடி அளக்கும் கருவி அது. சிலர் அதனை நேரம் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்துகின்றனர். சிலர் இரண்டு மாதங்கள் அணிந்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிடுகின்றனர். வேறு சிலர் நாள்முழுதும் நடந்தும் அது 3,000 என்றே காட்டுகிறதே என மனம் தளர்ந்துபோகின்றனர். இக்கருவி முதியவர் ஒருவரை உண்மையிலேயே நடக்கத் தூண்டுமா, தூண்டுமாயின் எவ்வாறு என்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நடை ஏன் ஒரு கேள்வியாயிற்று?

ஊரில் இருந்தபோது நம்மில் எவரும் நடையை எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் நடந்தோம். சந்தைக்கும் கோவிலுக்கும் ஒழுங்கை வழியே நடந்தோம். திருவிழாக் காலத்தில் சுவாமிக்குப் பின்னால் வீதி சுற்றினோம். நடை என்பது தனியானதொரு காரியமாக இல்லாமல், அன்றாட வேலைகளோடு ஒட்டியிருந்தது.

மொன்றியலில் அவ்வாறில்லை. 1980களில் இளைஞராக இங்கு வந்தவர்கள் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் நாள்முழுதும் நின்று உழைத்தார்கள். அவர்களில் பலர் இன்று எழுபது வயதை எட்டி ஓய்வு பெற்றிருக்கின்றனர். பிள்ளைகளின் அழைப்பில் பின்னர் வந்து சேர்ந்த பெற்றோரோ அடுக்குமாடி வீட்டுக்குள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு காலத்தைக் கழிக்கின்றனர். கடைக்கு மகன் காரில் செல்கிறார். கோவிலுக்கு மருமகள் அழைத்துச் செல்கிறார். அன்பினால் செய்யப்படும் இவ்வுதவிகள் அனைத்தும் சேர்ந்து, நாம் அறியாமலே நம் கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுகின்றன. அதன்மேல் ஐந்து மாதக் குளிர்காலம் வேறு.

இதன் விளைவு சிறியதன்று. நம் தெற்காசிய மக்களுக்கு இதய நோயும் நீரிழிவும் ஏனையோரைவிட எளிதில் வருகின்றன என்பதைக் கனடாவிலேயே நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. கனடாவில் முதியோர் காயமுற்று மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதன்மைக் காரணம் கீழே விழுதலே ஆகும். இந்நகரின் பழைய வீடுகள் பலவற்றுக்கு வெளிப்புறத்திலேதான் மாடிப்படிகள் உள்ளன. அப்படிகளில் தனியாக ஏறி இறங்கக்கூடியவர் தன் வீட்டில் தன் விருப்பப்படி வாழலாம். அது இயலாது போகும் நாளில், வெளியே செல்லும் ஒவ்வொரு முறையும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியவராகிறார். ஆகவே நடையைப் பற்றிப் பேசும்போது நாம் உண்மையில் பேசுவது நம் சுதந்திரத்தைப் பற்றியே.

பத்தாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

பலரை அச்சுறுத்தும் 10,000 என்ற எண்ணின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1964 ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. அந்த உற்சாகம் அடங்குமுன், 1965 இல், யமாசா என்ற யப்பானியக் கடிகார நிறுவனம் இடுப்பில் அணியும் காலடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு 'மன்போ-கெய்' என்று பெயரிட்டது. 'பத்தாயிரம் காலடி மானி' என்பது அதன் பொருள். அப்பெயரே பின்னர் உலகெங்கும் இலக்காகப் பரவிற்று. மருத்துவ ஆய்வொன்றின் முடிவாக அந்த எண் பிறக்கவில்லை. விற்பனைப் பெயராகவே பிறந்தது.

ஆய்வுகள் கூறுவது வேறு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஐ-மின் லீ தலைமையிலான குழு, சராசரி வயது 72 ஆன 16,741 அமெரிக்கப் பெண்களின் நடையை அளந்து 2019 இல் முடிவை வெளியிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 2,700 காலடிகள் நடந்தவர்களோடு ஒப்பிடும்போது, சுமார் 4,400 காலடிகள் நடந்தவர்களிடையே இறப்பு வீதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 காலடிகளுக்கு மேல் நன்மை மேலும் கூடவில்லை. வேகமாக நடந்தார்களா, மெதுவாக நடந்தார்களா என்பதைவிட, மொத்தம் எவ்வளவு நடந்தார்கள் என்பதே முக்கியமாகத் தெரிந்தது. 2022 இல் பதினைந்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும், அறுபது வயதைக் கடந்தோருக்கு 6,000 முதல் 8,000 காலடிகளோடு நன்மை சமநிலை அடைவதாகக் காணப்பட்டது.

உடல்நலம் குன்றியவர்கள் இயல்பாகவே குறைவாக நடப்பார்கள் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். முழு வேறுபாட்டையும் நடையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் செய்தி தெளிவானது. 2,700 இலிருந்து 4,400 க்குச் செல்வதற்கு 1,700 காலடிகள் போதும். சாதாரண நடையில் அது இருபது நிமிடம். அதனை இரு வேளைகளாகப் பிரித்தும் நடக்கலாம். ஆகக் குறைவாக நடப்பவர் எடுத்துவைக்கும் சிறு முன்னேற்றமே ஆகப் பெரிய பயனைத் தரக்கூடியது.

தூண்டுவது எது?

கருவியைக் கட்டிக்கொண்டால் மட்டும் கால்கள் நடந்துவிடுமா? 2007 ஆம் ஆண்டில் இருபத்தாறு ஆய்வுகள் ஒன்றாக ஆராயப்பட்டன. காலடிமானி அணிந்தவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 காலடிகள் கூடுதலாக நடந்தனர். ஆனால் இலக்கு எதனையும் வைக்காமல் கருவியை மட்டும் கொடுத்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. எண்ணைப் பார்ப்பது போதாது. 'இன்று இவ்வளவு' என்று மனத்தில் ஓர் அளவு இருக்க வேண்டும்.

இலண்டனில் 45 முதல் 75 வயது வரையான, அதிகம் நடக்காத சுமார் ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017 இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் காலடிமானியும் வழிகாட்டிக் கையேடும் நாட்குறிப்பும் தபாலில் அனுப்பப்பட்டன. மற்றொரு பகுதியினருக்கு அவற்றோடு தாதி ஒருவரின் ஆலோசனையும் கிடைத்தது. ஓராண்டின் பின் இரு பகுதியினருமே, எதுவும் பெறாதவர்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 650 காலடிகள் கூடுதலாக நடந்தனர். மூன்று ஆண்டுகளின் பின்னரும் பெரும்பாலும் அந்த வேறுபாடு நிலைத்திருந்தது. தாதியின் ஆலோசனை பெற்றவர்களும், தபாலில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தவர்களும் ஏறத்தாழச் சமமாகவே முன்னேறினர் என்பதைக் கவனியுங்கள். அவர்களிடம் இருந்தவை எளிய காலடிமானியும், அன்றன்று எழுதிவைக்கும் பழக்கமுமே.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரிலிருந்து வேறொரு பாடம் கிடைக்கிறது. அங்கு பணிபுரியும் 800 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2016 இல் வெளியாயின. அவர்கள் முதியோர் அல்லர். ஆயினும் பாடம் நமக்கும் பொருந்தும். நடந்தால் பணம் என்று முதல் ஆறு மாதங்கள் கொடுத்தபோது, பணம் பெற்றவர்கள் கூடுதலாக நடந்தனர். பணம் நின்றதும் பழைய நிலைக்கே திரும்பினர். ஓராண்டு முடிவில் பத்தில் ஒருவரே கருவியைத் தொடர்ந்து அணிந்திருந்தார்.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கருவி நம்மை நடத்துவதில்லை. அது நம் நடைக்குச் சாட்சியாக நிற்கிறது. அந்தச் சாட்சியத்துக்குப் பொருள் தருபவை மூன்று: நமக்கு நாமே வைத்த இலக்கு, அன்றன்று எழுதிய குறிப்பு, அதனைக் கேட்பதற்கு ஒரு மனிதர்.

எவ்வாறு தொடங்குவது?

முதல் வாரம் எதனையும் மாற்றவேண்டாம். வழக்கம்போல இருங்கள், ஒவ்வொரு நாளும் படுக்கைக்குச் செல்லுமுன் எண்ணை நாட்காட்டியில் எழுதுங்கள். ஏழு நாட்களின் எண்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் உங்கள் இன்றைய நிலை தெரியும். அது 1,800 ஆக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடங்கும் இடம் அதுவே.

அடுத்த இரு வாரங்களுக்கு அதனோடு 500 காலடிகளைச் சேருங்கள். அது ஐந்தாறு நிமிட நடை. அது இயல்பாகிவிட்டால் மேலும் 500. உடல் ஒத்துழைக்காத வாரத்தில் முன்னைய இலக்கிலேயே நில்லுங்கள். காய்ச்சலோ, முழங்கால் வலியோ வந்து ஒரு வாரம் விட்டுப்போனால், மீண்டும் தாழ்ந்த இலக்கிலிருந்து தொடங்குங்கள். அறுந்துபோன தொடர்ச்சியைப் பற்றிக் கருவி என்ன காட்டினாலும் பொருட்படுத்தவேண்டாம்.

அந்த எண்ணை ஒருவரிடம் சொல்லுங்கள். "அம்மம்மா, இன்றைக்கு எத்தனை?" என்று பேத்தி மாலையில் கேட்பது எந்தச் செயலியின் பாராட்டையும்விட வலியது. ரொறன்ரோவில் இருக்கும் தமையனோடும், யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையோடும் தொலைபேசியில் பேசும்போது எண்களைப் பரிமாறிக்கொள்ளலாம். ஆனால் போட்டியாக அன்று. எண்பது வயது அப்பப்பாவின் 2,500, அறுபத்தைந்து வயது மாமியின் 7,000 க்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஒவ்வொருவரும் தம் சென்ற மாதத்தோடு மட்டுமே தம்மை ஒப்பிட வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கருவியை வாங்கிக் கொடுத்து, "ஏன் இன்றைக்கு நடக்கவில்லை?" என்று விசாரிப்பது தூண்டுதல் ஆகாது. வாரத்தில் இரு நாள் பெற்றோருடன் கூட நடவுங்கள்.

கருவி எண்ணத் தவறுவன

மணிக்கட்டுப் பட்டிக்குள் அசைவை உணரும் சிறு உறுப்பு ஒன்று உள்ளது. கை வீசும் ஒழுங்கை வைத்தே அது காலடியைக் கணிக்கிறது. ஆகவே கடையில் தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கும்போதும், நடப்பதற்கு உதவும் சட்டகத்தைப் பிடித்துச் செல்லும்போதும், மிக மெதுவாக நடக்கும்போதும் அது குறைத்து எண்ணக்கூடும். மாறாக, தேங்காய் துருவும்போதும் பசனையில் தாளம் போடும்போதும் நடக்காத நடையை எண்ணிவிடவும் கூடும். நாளுக்கு நாள் ஒரே கருவியை ஒரே கையில் அணிந்தால், எண் துல்லியமாக இல்லாவிடினும் ஏற்றத்தாழ்வு தெரியும். நமக்குத் தேவை அதுவே.

விலையுயர்ந்த கடிகாரம் அவசியமில்லை. இடுப்பில் செருகும் எளிய காலடிமானி போதும்; திறன்பேசிகளும் காலடியை எண்ணுகின்றன. சேலை அணியும் அம்மாமாருக்குத் திறன்பேசியை வைப்பதற்குப் பை இல்லை என்பதால், அவர்களுக்கு மணிக்கட்டுப் பட்டியே வசதியானது. ஆங்கிலமும் பிரெஞ்சும் தடையாக இருந்தால், அண்ட்ராய்ட் திறன்பேசிகளில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். பேரப்பிள்ளையிடம் கேட்டால் ஐந்து நிமிட வேலை.

காலடிகளே உடற்பயிற்சி முழுவதும் அன்று என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டோருக்காக 2020 இல் வெளியிடப்பட்ட கனடிய வழிகாட்டல், வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட உடலுழைப்பையும், வாரத்தில் குறைந்தது இருமுறை தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும், உடற்சமநிலைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்றும் கூறுகிறது. கதிரையில் இருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுவதைக் கருவி எண்ணாது. உங்கள் தொடைத் தசைகள் எண்ணிக்கொள்ளும்.

விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தினால் வீட்டுக்குள் இருப்பவர்கள் உங்கள் பகுதிச் சி.எல்.எஸ்.சி. நிலையத்தில் 'பியே' என்ற உடற்சமநிலைப் பயிற்சித் திட்டம் பற்றிக் கேளுங்கள். தன்னிச்சையாக நடமாடக்கூடிய 65 வயதுக்கு மேற்பட்டோருக்கானது அது. பன்னிரண்டு வாரங்கள் குழுவாக நடைபெறும், கட்டணம் இல்லை.

மொன்றியலில் எங்கே நடப்பது?

கோடையில் இடத்துக்குக் குறைவில்லை. பார்க் எக்ஸ்ரென்ஷன் மக்களுக்கு அருகே ஜாரி பூங்கா இருக்கிறது. லஷீன் கால்வாயின் கரையோரப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளமும் சமதரையாகவே செல்கிறது. மவுண்ட் றோயல் மலைப்பாதையில் ஏறுவோர் மெல்ல ஏறுக.

குளிர்காலமே நமக்குச் சோதனை. பனிக்கட்டி படிந்த நடைபாதையில் இலக்கை அடைவதற்காக எவரும் வெளியே செல்லவேண்டாம். ஒரு நாள் குறைந்த எண்ணைவிட முறிந்த இடுப்பெலும்பு பெரிய இழப்பு. நகர மையத்தின் நிலத்தடிப் பாதைகள் 30 கிலோமீற்றருக்கும் அதிக நீளமானவை. மெற்றோ நிலையத்திலிருந்தே அவற்றுக்குள் நுழையலாம். மொன்றியலில் வாழும் 65 வயதுக்கு மேற்பட்டோர் 2023 ஜூலை 1 முதல் பேருந்திலும் மெற்றோவிலும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். அதற்குரிய ஒப்புஸ் அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள். அருகிலுள்ள அங்காடித் தொகுதி காலையில் எத்தனை மணிக்குக் கதவு திறக்கிறது என்று கேட்டறிந்து, கூட்டம் சேருமுன் இருவராகச் சென்று நடக்கலாம். கோவிலுக்குச் சென்றால் உள்வீதியை மூன்று முறைக்குப் பதிலாக ஒன்பது முறை வலம் வரலாம். அதுவும் முடியாத நாளில், அடுக்குமாடியின் நீண்ட நடைவழி இருக்கவே இருக்கிறது. வெளியே சென்றேயாக வேண்டின், பனியில் பிடிப்புள்ள சப்பாத்தும், அதன் அடியில் மாட்டும் இரும்புப் பல்லும், ஊன்றுகோல் பயன்படுத்துவோருக்கு அதன் முனையில் பொருத்தும் கூர்ப்பிடியும் அவசியம்.

எச்சரிக்கையாக இருக்கவேண்டியவை

இதய நோய், குருதியழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் புதிய நடைப்பழக்கத்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்குக் கருவி கூறும் நாடி இலக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாக எளிய சோதனை ஒன்றுண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான வேகம். இன்சுலின் எடுப்போர் இனிப்பு ஏதேனும் கையில் வைத்திருக்க வேண்டும். நடந்து வந்ததும் பாதங்களில் புண் உண்டா எனப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நின்று 911 ஐ அழையுங்கள். கருவி அமைதியாக இருக்கிறதே என்று காத்திருக்கவேண்டாம்.

ஊசி குத்தாமலே குருதிச் சர்க்கரையை அளக்கும் என்று கூறி விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பவேண்டாம். அத்தகைய எதற்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி மருந்தின் அளவை மாற்றுவது உயிருக்கே ஆபத்து.

கருவி சேர்க்கும் தகவல் உங்களுடையது. கியூபெக்கின் 25 ஆம் சட்டத்தின்படி, உங்கள் தகவலை எதற்காகச் சேர்க்கிறார்கள் என்று அறியவும், அதனைப் பார்க்கவும், திருத்தக் கோரவும் உங்களுக்கு உரிமை உண்டு. செயலி கேட்கும் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று அழுத்தாமல், பிள்ளைகளுடன் இருந்து வாசித்து அனுமதியுங்கள்.

நிறைவாக

உங்கள் பகுதியில் மூத்தோருக்கு நடைபெறும் பயிற்சி வகுப்புகளை அறிய 311 ஐ அழையுங்கள். சமூக அமைப்புகளின் சேவைகளை அறிய 211. நடப்பதனால் வலியோ மயக்கமோ ஏற்பட்டு, அவசரமில்லாத ஆலோசனை தேவைப்பட்டால் 811. மொழி தடையாயின், பேசக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

அலுமாரிக்குள் இருக்கும் கருவியை இன்றிரவு எடுத்து மின்னேற்றி வையுங்கள். கருவி இல்லாதவர்கள் ஒரு நாட்காட்டியையும் பேனாவையும் எடுத்து, எத்தனை நிமிடம் நடந்தோம் என்று எழுதத் தொடங்குங்கள். பின்னர், உங்கள் கட்டடத்திலே தனியாக இருக்கும் இன்னொருவரின் கதவைத் தட்டி, "நாளைக் காலை என்னோடு நடக்க வருகிறீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கதவுவரை நடந்து சென்ற காலடிகளும் கணக்கில் சேரும்.